கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்ற வண்டி

காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை வந்தால், ரயில் வருவதற்கு முந்திய கடுகண்ணாவைப் பாதையும், மழையில் அச்சு முனக வரிசையாகப் போகும் மாட்டுவண்டிகளும், ஈரச் சாக்கின் நாற்றமும் இன்றும் எனக்குத் திரும்பி வருகின்றன.

அந்த மலைப்பாதை கொழும்புப் பக்கம் இறங்குவதற்கு முன் வரும் ஏற்றத்தில் ஒருநாள் எங்கள் வண்டி நகரவில்லை. கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போக, காய்ச்சலோடு அம்மா காப்பி மூட்டைகளின்மேல் கிடந்தாள். வண்டியோட்டிய அப்பா அச்சுக்கு எண்ணெய் விட்டார், சக்கரத்துச் சேற்றை வழித்தார், மாடுகளைத் தடவிக் கெஞ்சினார். கடைசியில், “ரெண்டு மூட்டைய எறக்கிடலாமுங்க” என்றார்.

“காப்பி நனைஞ்சா தொரைக்கு யாரு பதில் சொல்றது? பொம்பளைய எறக்கு” என்றார் தோட்டத்திலிருந்து மூட்டைகளோடு வந்த கங்காணி.

அம்மாவைப் பாதையோரம் கிடத்தினோம். வண்டி உடனே நகர்ந்தது. ஏற்றம் முடியும்வரை அப்பா அதோடு போகவேண்டியிருந்தது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் அம்மாவையும் என்னையும் சுற்றிக்கொண்டு போயின. அப்பா ஓடிவந்து நெற்றியைத் தொட்டபோது காய்ச்சல் இல்லை, அம்மாவும் இல்லை.