இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட டைப்பிஸ்ட்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியிருக்க வேண்டிய நேரம். ஆனால் கூலித் தகராறில் எங்கள் பக்கத்து வயல்களில் ஒருவரும் அரிவாளைத் தொடவில்லை. நான் அப்போது கீழ்த்தஞ்சையில் ஒரு தாலுகா ஆபீசில், பிரசவத்துக்குப் போயிருந்த டைப்பிஸ்டின் நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன் பல வருடங்கள் நான் நாடகக் கம்பெனியில் நடிகை. நாகூரிலிருந்து பாபநாசம் வரை நாங்கள் கொட்டகை போடாத பொட்டல் கிடையாது. கட்சி மாநாட்டுப் பந்தல்களிலும் ஆடியிருக்கிறோம். எனக்கு அந்தத் தொழில் ரொம்பப் பிடிக்கும், அதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் கணவர் இறந்துபோன பிறகு நானும் மகளும்தான். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்துவிட்டது. ஊர் ஊராகச் சுற்றுகிறவளின் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். அந்தச் சான்றிதழைத் தூசி தட்டிக்கொண்டு அண்ணன் வீட்டில் வந்து இறங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன்.

வேலை கிடைத்தது, ஆனால் கை ஓடவில்லை. விரல்களுக்கு எழுத்துகள் மறந்துபோயிருந்தன. ஹெட் கிளார்க் கெட்ட மனிதர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். நான் அடித்த முதல் நினைவூட்டுக் கடிதத்தில் எங்கள் நாடகப் பழக்கத்தில் அடுக்குமொழி தானாக வந்து விழுந்துவிட்டது. அவர் அதைப் படித்துவிட்டு, "இதுக்கு ஆர்மோனியம் வேணுமாம்மா?" என்று கேட்டார். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், இந்த வேலை நிலைக்காதோ என்ற பயத்தோடுதான்.

காரணம் இருந்தது. பக்கத்துப் பிரிவில் ஓர் இடம் காலியாகப் போகிறது, வேலை திருப்தியாக இருந்தால் என்னை அதில் தொடரச் செய்யலாம் என்று தாசில்தார் சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம், மாசியில் கம்பெனி கிளம்புகிறது, வந்து சேர் என்று முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். இங்கே வேலை நிலைக்காவிட்டால் மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அந்த வாரம்தான் தாசில்தார் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். ஒரு பக்கம், வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுக்கப் போவதாக மிரட்டிய மிராசுதார்கள், எதிர்ப்பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள். குறிப்பெடுக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். ஹெட் கிளார்க் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். எனக்குச் சுருக்கெழுத்துத் தெரியாது என்றேன். "முக்கியமானதை மட்டும் எழுதுங்க, போதும்" என்றார். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எது முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும்! நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. பென்சிலை வைத்துவிட்டுப் பேசுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தேன்.

நாடகத்தில் எங்களுக்குக் காகிதம் கிடையாது. வாத்தியார் வசனத்தைச் சொல்வார், காதால் கேட்டே பாடம் பண்ண வேண்டும். அப்படி ஏறிய வசனம் தனியாகத் திரும்பி வராது. சொன்னவர் நின்ற நிலை, குரல், கை எல்லாம் சேர்ந்தேதான் வரும்.

மத்தியானம் இரண்டு தரப்பும் சாப்பிடப் போனார்கள். வெளியே அவரவர் ஆட்கள் என்ன சொல்லி ஏற்றிவிட்டார்களோ, திரும்பி வந்தபோது காலையில் இறங்கிப் பேசிய இருவருமே முறுக்கிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் நான் சொல்லவில்லை என்றார் பெரிய மிராசுதார். நானும்தான் சொல்லவில்லை என்றார் சங்கத் தலைவர். நாற்காலிகள் நகர்ந்தன, எழுந்து போய்விடுவார்கள் போலிருந்தது. தாசில்தார் என் பக்கம் திரும்பி, "காலையில என்ன பேசினாங்கன்னு படிங்கம்மா" என்றார்.

படிக்க என்ன இருக்கிறது? எழுந்து நின்றேன். பிறகு வாய் தானாகத் திறந்துகொண்டது.

முந்தானையை மிராசுதாரின் துண்டு மாதிரி ஓர் உதறு உதறி இடது தோளில் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெளியூர் ஆளைக் கொண்டாந்து எறக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? நம்ம ஊரு ஆளு வயலுக்கு வந்தா நான் ஏன்யா லாரியத் தேடிப் போறேன்?" என்றேன். அடுத்து சங்கத் தலைவர் மாதிரி ஒற்றை விரலை மேசையில் ஊன்றித் தட்டித் தட்டி, "சர்க்கார் முத்திரை போட்ட மரக்கால்ல கூலி நெல்ல அளந்து போடுங்க. ஒங்க வீட்டு மரக்கால் வேணாம். அப்படி அளந்தா கூலியில நாங்களும் கொஞ்சம் எறங்கி வர்றோம்" என்றேன்.

முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. ஊரே பயப்படுகிற மிராசுதாரை அவர் முகத்துக்கு நேராகவே நடித்துக் காட்டியிருக்கிறேன்! ஹெட் கிளார்க் முகத்தில் ஈயாடவில்லை. என் வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மிராசுதாரின் காரியஸ்தர்தான் முதலில் சிரித்தார். துண்டால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் எதிர்ப்பக்கம் பரவியது.

"ஏன்யா, நான் இப்படியா பேசறேன்?" என்று மிராசுதார் சங்கத் தலைவரைக் கேட்டார்.

"அச்சு அசல் இப்படித்தாங்க."

"அப்ப நீ மேசையில தட்டினதும் நெசந்தானே?"

தலைவர் தன் விரலைப் பார்த்தார். அது அப்போதும் மேசை மேல்தான் இருந்தது. "சரிங்க, சொன்னேன். இல்லைங்கல" என்றார்.

"நீ சொன்னேன்னா, நானும் சொன்னதுதான்" என்று மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி சிரிப்பு.

அத்தோடு டெல்டாவில் சண்டை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருடமே வேறு தகராறு வந்தது. ஆனால் அன்று உடன்பாடு ஆயிற்று. அதை அடிக்கக் கைவேகம் உள்ள வேறொருவரை ஹெட் கிளார்க் கூப்பிடப் போனார். "அந்தப் பொண்ணே அடிக்கட்டும், அதுகிட்ட வார்த்தை மாறாது" என்றார் மிராசுதார். "ஆமாங்க, அவங்களே அடிக்கட்டும்" என்றார் தலைவர். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து முடிக்கும்வரை இரண்டு தரப்பும் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கார்பன் தாளை ஹெட் கிளார்க்கே மாற்றிக்கொடுத்தார்.

தாசில்தார் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, காலியாகும் இடத்தில் தொடரச் சொன்னார். "டைப் அடிக்கிறத மட்டும் கொஞ்சம் வேகப்படுத்துங்கம்மா" என்று சிரித்தார். வேகப்படுத்திக்கொண்டேன், பின்னால் தேர்வெழுதி நிரந்தரமானேன். மகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தாள்.

ஆபீஸ் வேலைக்குப் போவதென்றால் அதுவரை இருந்த என்னைச் செருப்பு மாதிரி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று நினைத்திருந்தேன். முழு ஆளாகவே உள்ளே போகலாம் என்று தெரிந்த அந்த நாளின் நிம்மதியில்தான் இன்றுவரை இருந்துகொண்டிருக்கிறேன்.