இருபத்திரண்டு விநாடி

பேய், பில்லி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. முப்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். ஆடி அமாவாசை நெருங்கினால் நிருபர்கள் அனுப்புகிற கொலுசுச் சத்தக் கதைகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். "பார்த்தது யார், பெயர் என்ன, ஊர் எது" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன், பெரும்பாலும் அதோடு அந்தச் செய்தி செத்துவிடும். இப்போது நானே அப்படி ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அனுபவித்தது நான், ஊர் கோயம்புத்தூர். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். உங்கள் இடத்தில் இருந்தால் நான் நம்பமாட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிஞ்சிய பைத்தியம் இரண்டு: ஜாஸ், கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்கள். இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. பழைய படங்களில் வில்லனின் கிளப்பில் ஒருத்தி ஆடுவாள், பின்னால் கோட்டுப் போட்ட நாலைந்து பேர் வாத்தியங்களோடு நிற்பார்கள், அந்த மூன்று நிமிடத்துக்கு மட்டும் எங்கிருந்தோ அசலான ஜாஸ் வந்து விழும். அதைப் பேசுவதற்கென்றே இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு. பல் டாக்டர், டொராண்டோவில் லாரி ஓட்டுகிறவர், அவிநாசியில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர் என்று கலவையான கூட்டம், பாதிப்பேரை நேரில் பார்த்ததே இல்லை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லோரும் அவரவர் வீட்டில் ஒரே பாட்டைப் போட்டுக் கேட்போம், கேட்டுக்கொண்டே எழுதுவோம்.

அந்தக் காலத்துப் படங்களில் இசையமைப்பாளர் பெயர் வரும், வாசித்தவர்கள் பெயர் வராது. ஆகவே யார் எதை வாசித்தார் என்று தேடிப்பிடித்து ஒரு பட்டியல் போட்டோம். பட்டியல் என் பொறுப்பு. ஒரு பெயர் ஏறவேண்டும் என்றால் இரண்டு சாட்சி வேண்டும், ஒன்று மற்றதைக் கேட்டுச் சொன்னதாக இருக்கக் கூடாது. விதி நான் போட்டதுதான்.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்த கிளப் பாட்டு ஒன்று இருந்தது. கோயம்புத்தூர் ஸ்டுடியோ ஒன்றிலேயே எடுத்த படம், ஓடாத படம். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பாட்டு சட்டென்று ஒதுங்கிக்கொள்ள, ஒற்றை டிரம்பெட் இருபத்திரண்டு விநாடி தனியாகப் பேசும். அழுகிறவன் அழுகையை மறைக்கச் சிரிப்பது போல இருக்கும். வாசித்தவர் பம்பாயிலிருந்து வந்த ஒரு கோவாக்காரர் என்று பட்டியலில் எழுதியிருந்தேன்.

சென்ற ஆண்டு பீட்டர் என்று ஒருவர் குழுவில் சேர்ந்தார். புலியகுளத்துக்காரர், மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை ஒட்டிய வயது. சேர்ந்த மூன்றாம் நாள் எழுதினார்: "அய்யா, அந்தப் பாட்டுல டிரம்பெட் ஊதுனது எங்கப்பாங்க. பேரு சவரிமுத்து. மாதா கோயில் பேண்டுல இருந்தாருங்க. ஸ்டுடியோல ஆள் வரலைன்னு ஒரு நாள் கூட்டிட்டுப் போனாங்களாமுங்க."

சாட்சி கேட்டேன். தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்றார். அப்போது நான் எழுதிய பதிலை இங்கே அப்படியே தருகிறேன், மறைத்துப் பயனில்லை. "தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஓர் அப்பா அந்தப் பாட்டில் வாசித்திருக்கிறார். இடம் போதாததால்தான் நடிகை ஓரமாக ஆடுகிறார்." வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் வந்து விழுந்தன. பல் டாக்டர் ஒருபடி மேலே போய், தன் தாத்தா அதில் உருமி அடித்ததாக எழுதினார். பீட்டர் அதற்குப் பிறகு குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும், கேட்டுக்கு வெளியே "ஏனுங்க, சார் ஊடுங்களா?" என்று குரல். பீட்டர்தான். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். டிரம்பெட்டின் மவுத்பீஸ், உதடு வைத்து ஊதுகிற அந்தச் சின்னக் குவளை. வெள்ளிப் பூச்சு ஒரு பக்கம் தேய்ந்து பித்தளை தெரிந்தது.

"இது மட்டுந்தானுங்க மிச்சம். டிரம்பெட்டு கோயிலோடதுங்க, அப்பா போனப்பறம் திருப்பிக் குடுத்துப்போட்டமுங்க."

"இது அவரு டிரம்பெட் வாசிச்சாருங்கறதுக்கு சாட்சிங்க. இந்தப் பாட்டுல வாசிச்சாருங்கறதுக்கு இல்லைங்க" என்றேன்.

"ரேடியோவுல அந்தப் பாட்டு வந்தா சோத்துல வெச்ச கைய எடுத்துருவாருங்க. அது முடியற வரைக்கும் வாயில இருக்கறதக்கூட மெல்லமாட்டாரு. அதுக்கு மேல அந்த மனுசன்கிட்ட என்னத்த சாட்சி கேக்கறதுங்க?"

"நல்ல பாட்டு வந்தா நானும்தான் கைய எடுத்துருவேன்."

காப்பி கொண்டுவந்த என் மனைவி சரோஜா, "ஆமாங்க, எடுத்த கைய மறுபடி வெக்கறதுக்குள்ள கொழம்பு ஆறிப்போயிரும்" என்றாள். அவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு வரிங்க சார். பட்டியல்ல அப்பன் பேரு ஒரு வரி. பேத்திக்குக் காட்டோணும்னு ஆசைங்க. இந்தக் குடும்பத்துல பேரு வெளிய தெரியற மாதிரி ஒண்ணு செஞ்சது அவரு ஒருத்தருதானுங்க."

விதி விதிதான் என்றேன். இதைச் சொல்கிறபோது எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது. கோவாக்காரருக்கு நான் எண்ணிய இரண்டு சாட்சிகளில் முதலாவது, ஒரு பழைய ஒலிப்பதிவாளர் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னது. இரண்டாவது, பல ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு இணைப்பில் வந்த ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையை எழுதியவன் நான், எழுதியது அதே ஒலிப்பதிவாளர் சொன்னதை வைத்து. ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணியிருந்தேன். திருத்தம் போட்டால் என் பெயரில் வந்த கட்டுரைக்குத் திருத்தம் போட்ட மாதிரி.

போகும்முன் ஒன்று கேட்டார். "ரேடியோவுலயும் போன்லயுந்தானுங்க கேட்டிருக்கறேன். உங்க மிசின்ல ஒருக்கா போடறீங்களா?"

இசைத்தட்டைப் போட்டேன். டிரம்பெட் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வலது கையின் மூன்று விரல்கள் தொடைமேல் அசைந்தன. முடிந்ததும் எழுந்துவிட்டார், மீதிப் பாட்டுக்கு நிற்கவில்லை. "போதுமுங்க. உங்களாட்டம் படிச்சவங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். அப்பன் ஊதலைன்னா அந்த டிரம்பெட்டு அதுல இருந்தென்ன, இல்லாட்டி என்னங்க" என்றார். கோபமே இல்லை குரலில். கும்பிட்டுவிட்டுப் போனார்.

"ஒரு வரி எழுதுனா கம்ப்யூட்டர் தேஞ்சு போயிருமாக்கும்?" என்றாள் சரோஜா. நான் தட்டை எடுத்து உறையில் போட்டேன்.

அந்த ஞாயிறு மாலை யாரோ அதே பாட்டைக் கேட்கலாம் என்றார்கள். நான்கு மணி, நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது. பல்லவி, முதல் சரணம், எல்லாம் வழக்கம்போல. பாட்டு ஒதுங்கியது. டிரம்பெட் வரவில்லை. டிரம்ஸ் நடக்கிறது, அடியில் பேஸ் தந்தி நடக்கிறது, மேலே ஒன்றுமே இல்லை, காலியாக நடந்துகொண்டே போய் இரண்டாவது சரணத்தில் சேர்ந்துகொண்டது. குழுவிலோ "ஆஹா", "கொன்னுட்டான்" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முள்ளைத் துடைத்துப் போட்டேன், இல்லை. போனில் போட்டேன், இல்லை. படத்தையே ஓடவிட்டேன். கோட்டுப் போட்ட நடிகர் டிரம்பெட்டை வாயில் வைக்கிறார், கன்னம் உப்புகிறது, சத்தம் இல்லை. மற்ற தட்டுகளில் மற்ற டிரம்பெட்டுகள் எல்லாம் துல்லியமாகக் கேட்டன. காது டாக்டரிடம் போனேன். "உங்க வயசுக்கு இது பொறாமைப்பட வெக்கற காதுங்க சார்" என்றார். கம்ப்யூட்டரில் ஒலியை அலையாகக் காட்டும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதில் பார்த்தேன். இருபத்திரண்டு விநாடியும் அலை ஓங்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு இல்லை.

சரோஜாவை உட்காரவைத்து, டிரம்பெட் தொடங்கும்போது விரல் தூக்கச் சொன்னேன். சரியான இடத்தில் தூக்கினாள், சரியான இடத்தில் இறக்கினாள். "நல்லாத்தானே ஊதறான், உங்களுக்கு என்னாச்சுங்க?" என்றாள். அதை வாயால் முனகிக் காட்டச் சொன்னேன். முனகினாள். உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது, ஜன்னலுக்கு வெளியே காய்கறி வண்டிக்காரன் கத்துவது கேட்டது. அவள் முனகியது கேட்கவில்லை. நம்புங்கள், நம்பாமல் போங்கள், அன்றிரவு நான் விளக்கை அணைக்கவில்லை.

மறுநாளே பட்டியலில் கோவாக்காரரை எடுத்துவிட்டுச் சவரிமுத்து என்று எழுதினேன். குழுவில் உடனே கேட்டார்கள், சாட்சி யார் என்று. "என் காது" என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். சிரிக்கும் முகங்கள் வந்தன, இந்த முறை எனக்கு. டிரம்பெட் திரும்பவில்லை.

புலியகுளத்துக்குப் போனேன். பீட்டர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் உள்ளே கூப்பிட்டு, டீ போட்டுக் கொடுத்தார். பெயரை ஏற்றிவிட்டேன் என்று போனில் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப வேண்டாமுங்க சார். பேத்திகிட்ட இல்லைன்னு சொல்லிப்போட்டனுங்க."

"ஏங்க?"

"பேப்பர்ல இருந்தவரே இல்லைங்கறாரு, அப்பறம் நான் எப்படிங்க ஆமாங்கறது? கல்லறைக்குப் போயி அப்பனையும் ரெண்டு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் வந்தேன். ஏப்பா, எழுவது வருசமா எங்களயெல்லாம் நம்ப வெச்சயேன்னு." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், ஊர்ச் செய்தி சொல்வது போல. "ஆமா, புதுசா என்ன சாட்சிங்க கெடச்சுது?"

எனக்கு நடந்ததைச் சொன்னேன். இசைத்தட்டு, டாக்டர், சரோஜாவின் விரல், எதையும் விடவில்லை. ஒரே சாட்சியை இரண்டாக எண்ணியதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், ஒரு காலத்தில் கொலுசுச் சத்தக் கதைகளை நான் எப்படிப் படித்தேனோ அப்படி. பிறகு, "உங்களுக்குக் கேக்கலைங்கறது உங்களுக்கு மட்டுந்தானுங்க தெரியும். ரெண்டாவது ஆள் யாருங்க?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

வேறு வழி தெரியாமல் போனில் பாட்டைப் போட்டேன். அவர் கேட்டால் மனம் மாறும் என்று நினைத்தேன். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. பல்லவியின்போது எழுந்து போய் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். பாட்டு ஒதுங்கிய இடத்தில், எதிரில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்.

உதடு அசைந்தது. எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. போனில் டிரம்ஸ் கேட்கிறது, தெருவில் ஆட்டோ ஒன்று திரும்புவது கேட்கிறது, ஒரு கை தூரத்தில் இருக்கிற மனிதரின் குரல் மட்டும் இல்லை. நிதானமாக, என் கண்ணைப் பார்த்தே பேசினார். ஒரு முறை என்னைக் காட்டினார். ஒரு முறை வாசலைக் காட்டினார். நடுவில் கண் கலங்கித் துடைத்துக்கொண்டார். இரண்டாவது சரணம் தொடங்கியது, அவர் குரலும் அதோடு வந்தது.

"... சரிங்களா சார்?"

பத்திரிகைக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்காமல் விட்ட வாக்கியத்துக்கும் தலையாட்டிவிட்டு, பிறகு பக்கத்து நிருபரிடம் கேட்டுக்கொள்வான். அங்கே பக்கத்தில் யாரும் இல்லை. "சரிங்க" என்றேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், பெரிய பாரம் ஒன்று இறங்கியது போல மூச்சு விட்டார்.

வீட்டுக்கு வந்தும் மனம் கேட்கவில்லை. மறுநாள் காலை போன் செய்தேன். நேற்று நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன்.

"அதான் சரின்னு சொல்லிட்டீங்களேங்க. திருப்பிச் சொல்ற பேச்சு இல்லைங்க அது."

"இல்லைங்க, எதுக்குச் சரின்னேன்னு எனக்கே..."

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. நேரம் வர்றப்ப நான் சொல்லி அனுப்பறேன். அப்ப வந்தாப் போதுமுங்க" என்றார், வழக்கமான மரியாதையோடு, வைத்துவிட்டார்.

மாதங்கள் ஆகிவிட்டன, இதுவரை சொல்லி அனுப்பவில்லை. டிரம்பெட்டும் கேட்கவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டேன், இசைத்தட்டை மட்டும் வாரம் ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன். "ஆள் வந்தா ஊட்டுல இல்லைன்னு சொல்லிப்போடறேன்" என்கிறாள் சரோஜா. எதற்கு வருகிறார்கள் என்றே தெரியாமல் எதிலிருந்து ஒளிவது? அன்று அந்த இருபத்திரண்டு விநாடியில் அவர் சொன்ன அத்தனையும் எனக்குக் கேட்காமல் போயிற்று, நான் சொன்ன அந்த ஒரு "சரிங்க" மட்டும் தெளிவாகக் கேட்டது.