பத்துகாணியில் நான்கு நாளும் பதினெட்டு ரப்பர் ஷீட்டும்

ஆயுதபூஜையை ஒட்டி நான்கு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தது. மலை வேண்டும், கூட்டம் வேண்டாம் என்று தேடி, குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பத்துகாணியைக் கண்டுபிடித்தவள் என் தோழி கயல். கடைசி நேரத்தில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கே போனாலும் ஓட்டலில் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்வது, வழி கேட்பது எல்லாம் அவள்தான். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பட்டம் வாங்கிய பிறகும் வாய் மட்டும் திறக்கவில்லை என்று அம்மா சொல்வாள். ஆனாலும் பையைக் கட்டியாயிற்று, தனியாகவே கிளம்பினேன்.

நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் காலை 8.10க்கு ஏறி, 9.30க்கு மார்த்தாண்டம். முப்பது கிலோமீட்டருக்கு அவ்வளவு நேரமா என்று கேட்காதீர்கள், நெரிசல் அப்படி. அங்கிருந்து 10.15க்கு அருமனை வழியாக டவுன் பஸ். நமக்கு, அதாவது பெண்களுக்கு, டிக்கெட் காசு கிடையாது. அருமனை தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் வடிய ஒரு சிரட்டை, அதாவது கொட்டாங்குச்சி. இறங்க வேண்டிய இடத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கண்டக்டரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பரிவோடு பார்த்தார். பிறகு பத்து விரலையும் விரித்து, தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், இன்னும் பத்து நிமிடமாம். எனக்குப் பேச வராது என்று நினைத்துவிட்டார். திருத்துவதற்கும் பேச வேண்டுமே. தலையாட்டிவிட்டேன்.

தங்கியது ராணி அக்கா வீட்டு மாடியறையில். ஒரு நாளைக்கு 700 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. அவர் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஒரு ஏக்கர் ரப்பரையும் அக்காவே கீறிப் பால் வெட்டுகிறார். முதல் இரண்டு நாளும் நான் ஒன்றுமே செய்யவில்லை என்பதை நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன். புட்டும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், மட்டிப்பழம், பால் விடாத கட்டன் சாயா. சரிவில் மேகம் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு மாலை மட்டும் ஆட்டோவில் சிற்றாறு அணைக்குப் போய்வந்தேன், போக வர 300 ரூபாய்.

அங்கே வீட்டுக்குள் போன் எடுக்காது. வீட்டுக்கு வீடு தூரம். அதனால் கூவுகிறார்கள். ராணி அக்காவுடையது ஒரே நீளமாகப் போய்ச் சட்டென்று அறுந்துவிடும். கீழ் வீட்டு லீலா அக்காவுடையது இரண்டு துண்டு. யார் கூவுவது, அவசரமா, வெறும் சாயாவுக்கா என்பதெல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம்.

மூன்றாம் நாள் ராணி அக்கா அருமனையில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார். முந்தின மூன்று நாளும் நல்ல வெயில் இல்லை, அன்றுதான் அடித்தது. பாலை உறைய வைத்து அழுத்திய ரப்பர் ஷீட்டுகள் பதினெட்டு, முற்றத்துக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன.

"மழை கண்டா ஒண்ணு கூவினா போதும் மக்களே, லீலா வந்திருவா. நனைஞ்சா பூசணப் பூப்பு பிடிக்கும். பின்னே ஒரு வாரம் வெட்டினது வெறுதே."

நான் தலையாட்டினேன். பயணத்தில் நான் செய்த ஒரே பெரிய தவறு அதுதான்.

பன்னிரண்டு இருபதுக்கு மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கறுப்பாக ஏறியது. நான் கூவவில்லை. நானே எடுத்துவிடலாம் என்று ஓடினேன். ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டின. இரண்டிரண்டாகத்தான் பிரித்தெடுத்து, முற்றத்தின் மறுகோடியில், புகை போட்டு ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குள் கொண்டுபோய்ப் போட முடிந்தது. ஆறு உள்ளே போனபோது தூறல் விழுந்துவிட்டது. லீலா அக்கா வீட்டுக்கு இறங்கிப் போய்வர இருபது நிமிடம் ஆகும். முற்றத்தின் ஓரத்தில் நின்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ராணி அக்காவின் ஒரு வாரம் கண்முன்னால் நனைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி திறந்தேன். என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது.

லீலா அக்கா கையில் கம்போடு ஓடிவந்தார்.

"நீயாட்டி கூவினது? நரியாக்கும்ணு நெனச்சு கம்பெடுத்துட்டுல்லா வந்தேன்."

கம்பைப் போட்டுவிட்டு மூன்று மூன்றாக உரித்தெடுத்தார். நான் வாங்கி வாங்கி உள்ளே ஓடினேன். நான்கு ஷீட் நன்றாக நனைந்துவிட்டது.

ஐந்து மணிக்கு ராணி அக்கா வந்தார். சொல்ல வேண்டியதை மாடிப்படியில் நின்று மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டுச் சொன்னேன். அவர் நான்கையும் துடைத்துப் புகைக்கு நேர் மேலே தொங்கவிட்டார்.

"பதினாலு கிடக்குல்லா. ஆனா மேகம் கண்டதும் ஏன் கூவல்ல?"

"எனக்குச் சத்தம் வராதுக்கா."

"லீலா கம்பெடுத்து ஓடி வந்திருக்கா. அது சத்தமில்லியா பின்னே?"

மறுநாள் காலை மேல்சரிவிலிருந்து அவர் கூவியபோது நானும் பதிலுக்குக் கூவினேன். அவர் இறங்கி வருவதற்குள் கட்டன் போட்டு வைத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: அட்டைப்பூச்சி உண்டு, ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். குடை கட்டாயம். பணமாகவே கொண்டுபோங்கள். நான்கு நாளுக்கு எனக்கு, நாகர்கோவிலிலிருந்து கணக்கிட்டால், 3,400 ரூபாய் ஆனது. தனியாகப் போகும் பெண்கள் இருட்டுவதற்குள் பத்துகாணி போய்ச் சேருங்கள். உதவி கேட்க வேண்டியிருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். என் தாமதத்துக்கு நான்கு ஷீட் விலை.

திரும்பும்போது மதியம் 1.20 பஸ். கண்டக்டர் அதே ஆள். என்னைப் பார்த்ததும் சிரித்து, ஜன்னலோர இருக்கையைக் கையால் காட்டினார். முதல் வளைவில் பஸ் திரும்பியபோது, மேலே ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து அந்த நீளமான கூவல் கேட்டு, சட்டென்று அறுந்தது. ஜன்னலில் தலையை நீட்டி, மூச்சைப் பிடித்து, பதிலுக்குக் கூவினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் கம்பியைப் பிடித்தபடி என் இருக்கைக்கு வந்தார்.

"எங்க எறங்கணும்ணு இப்ப வாயால சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

"மார்த்தாண்டம்" என்றேன்.