சந்தனம் பூசிய ஒயர்லெஸ் பெட்டி

ஸ்பிரிட்டும் சந்தனமும் கலந்த ஒரு வாசனை உண்டு. ஆயுத பூஜையன்று ஒயர்லெஸ் பெட்டியைத் துடைக்கும் வீட்டில்தான் அது கிடைக்கும், திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்து அப்படி ஒரு வீடு எங்களுடையது மட்டுமே.

தந்தி ஆபீசில் வேலை பார்த்த அப்பா, ராணுவம் ஏலம் விட்ட பழைய பெட்டியை வாங்கி, துருவைச் சுரண்டி, கருகிய ஒயர்களை மாற்றி, முறைப்படி உரிமமும் பெற்று, மோர்ஸ் கட்டையைத் தட்டிக் கொழும்பிலிருந்த ஒரு நண்பரோடு பேசிவந்தார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஒரு வருடப் பூஜைக்கு அம்மா பக்தி மிகுதியில் மூடியைத் திறந்து, அப்பா "கேங்" என்று சொல்லும், அலைவரிசையை மாற்றச் சுழலும் மெல்லிய தகடுகளின் இடுக்குகளிலெல்லாம் சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டார். அந்த நிலையில் பெட்டியைப் போட்டால் பொறி பறக்கும்.

மத்தியானம் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. நண்பருக்கு மறுநாள் காலையில் வயிற்றில் ஆபரேஷன். இன்று மாலை ஐந்து மணிக்குப் பெட்டியில் வர முடியுமா?

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது, தொழில் செய்யக்கூடாது. பின்னாளில் அரசாங்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன், எந்த விதிக்கும் விலக்களிக்க ஓர் அதிகாரி இருப்பார். இங்கே அவர் அம்மா. அப்பா மனுகூடப் போடவில்லை, தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பொரிகடலை சாப்பிட வந்திருந்த அப்பாவின் சிநேகிதர், பேகம்பூர் பூட்டுப் பட்டறை பாய்தான் கேட்டார். "ஏம்மா, நான் எடுத்தா சாமி கோவிக்குமா?"

அம்மா பெட்டி மேலிருந்த பூவை ஒதுக்கினார். "நீங்க எடுங்கண்ணே. இவுக கைதான் படக்கூடாது."

பாய் ஒரு பழைய தபால் கார்டை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, ஸ்பிரிட்டில் தோய்த்து, ஒவ்வோர் இடுக்கிலும் விட்டு இழுத்தார். ஒரு தகடுகூட வளையவில்லை. அப்படி ஒரு கையை நான் பிறகு பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து எச்சரித்த அப்பாவிடம், "எம்புட்டோ பூட்டுக்கு அரம் போட்ட கை இது, நீங்க பேசாம நில்லுங்க சார்" என்றார்.

ஐந்தாகப் போகும்போதுதான் உறைத்தது, பாய்க்கு மோர்ஸ் தெரியாது. கட்டையோ இன்னும் குங்குமப் பொட்டோடு பூஜையில் இருந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். கட்டையை எடுத்து முந்தானையால் பொட்டைத் துடைத்து, அப்பாவின் முன்னால் வைத்தார்.

"ஒடம்பு முடியாதவுகள விசாரிக்கிறது தொழிலா என்ன? ஒக்காருங்க."

மெலிதாகத்தான் வந்தது பதில். அப்பா எழுத்து எழுத்தாகக் குறித்து, எங்களுக்குப் படித்துச் சொன்னார். "காலையில இருந்து பயமா இருந்துச்சாம். இப்ப இல்லையாம்."

நண்பர் பிழைத்து, பல வருடம் பேசினார். இன்று அவரும் அப்பாவும் பாயும் இல்லை, அம்மாவும் இல்லை. போன வாரம் பெட்டியை முழுக்கத் துடைத்துச் சரிசெய்து, அப்பா கற்றுக்கொடுத்த மோர்ஸில் மாலையில் தட்டினேன். நாலைந்து பேர் பதில் தந்தார்கள். தங்கள் சிக்னலின் பலத்தை விசாரித்தார்கள், என் ஆண்டெனாவின் உயரத்தை விசாரித்தார்கள், பிறகு நன்றி சொல்லி அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டார்கள்.