செம்புத் தரகர்களின் மதிய விருந்து

அஞ்சலீனாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. காது மடல் சிவக்கும், கைகள் வேகமாக வேலை செய்யும். சாம்பியாவின் கிட்வே நகரில், சுரங்கத் தொழிலாளருக்கான ஆஸ்பத்திரியில் அவள் மருத்துவிச்சியாக இருந்த காலத்தில், டாக்டர்மாரே அந்தக் காதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

இலங்கையின் மன்னாரில் பிறந்தவள். 1978இல் கணவர் கிறிஸ்துராஜாவுக்குச் செம்புச் சுரங்கமொன்றில் மின்சாரப் பகுதியில் வேலை கிடைக்க, அவளும் கூடப் போனாள். அந்த நாடே செம்பை நம்பித்தான் இருந்தது. செம்புக்கு நல்ல விலை கிடைத்தால் பள்ளிக்கூடத்தில் புத்தகம் இருக்கும், ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கும். விலை விழுந்தால் முதலில் சோப்பு காணாமற்போகும். பிறகு சமையல் எண்ணெய். பிறகு பிரசவ அறையின் கையுறைகள். பிள்ளைகள் மட்டும் எதற்கும் காத்திராமல் பிறந்துகொண்டிருந்தார்கள். கையுறை இல்லாத நாட்களில் அவள் வெறுங்கையால் ஏந்தினாள்.

அவளோடு வேலை செய்தவள் முத்தாலே. அந்த ஊர்க்காரி, உரத்துச் சிரிப்பவள். எண்பத்துமூன்றில் இலங்கையில் தமிழரைக் கொன்ற ஆடிக் கலவரத்தின் செய்தி வானொலியில் வந்த கிழமை முழுக்க அஞ்சலீனா எழும்ப முடியாமல் படுத்துக் கிடந்தாள். தன் ஷிப்டையும் அவளுடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தது முத்தாலேதான். முத்தாலேயின் தங்கை முசோண்டாவின் தலைப்பிள்ளையை அஞ்சலீனாதான் பிறப்பித்தாள்.

எண்பதுகளின் கடைசியில் சுரங்கம் சுருங்கியது. வெளிநாட்டுக்காரரின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கவில்லை. மன்னாருக்குத் திரும்ப வழியில்லை, அங்கே சண்டை. லண்டனுக்கு வந்து, குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்று, கோலியர்ஸ் வுட்டில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். மருத்துவிச்சி வேலைக்குப் போவதென்றால் இங்கே முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார்கள். எத்தனையோ பிள்ளைகளைப் பிறப்பித்தவளை, பள்ளிக்கூடம் முடித்த பெட்டைகளோடு வகுப்பு வாங்கில் இருக்கச் சொல்கிறார்களே என்று அவளுக்கு ரோசம். போகவில்லை.

கணேசலிங்கம் என்ற யாழ்ப்பாணத்துப் பெடியன், அலுவலகங்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் கம்பனியொன்றில் மேற்பார்வையாளனாக இருந்தான். அவன்தான் லண்டன் நகரின் நடுவே ஒரு வணிக நிறுவனத்தின் சாப்பாட்டு அறையில் அவளைச் சேர்த்துவிட்டான். அங்கே என்ன விற்கிறார்கள் என்று அவள் கேட்கவுமில்லை. முதல் கிழமையே சுவரிலிருந்த விலைப் பலகையில் கண்டாள். செம்பு. கிட்வேயில் சோப்பு இருக்குமா, இல்லையா என்பதை முடிவுசெய்யும் விலை இந்த ஊரில்தான் பேசப்பட்டது. அதைப் பேசியவர்களுக்கு அவள் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

தொண்ணூற்றுமூன்றில் விலை சரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த நேரம் கிட்வேயிலிருந்து முத்தாலே போன் எடுத்தாள்.

“முசோண்டா போய்விட்டாள்.”

“எங்கே?” என்று கேட்டுவிட்டாள் அஞ்சலீனா.

முத்தாலே நடந்ததைச் சொன்னாள். முசோண்டாவின் கணவனைச் சுரங்கத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வேலை போனதோடு சுரங்க ஆஸ்பத்திரிக்குப் போகும் உரிமையும் போயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் இப்போது வாசலிலேயே காசு கேட்கிறார்கள். அதனால் வீட்டிலேயே பெற்றாள். பிள்ளை பிழைத்தது. இரத்தம் நிற்கவில்லை.

“ஓர் ஊசி,” என்றாள் முத்தாலே. “ஓர் ஊசி போட்டிருந்தால் போதும், உனக்குத் தெரியும்தானே.”

அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அன்று முழுவதும் வீட்டுத் தரையைத் தேய்த்தாள்.

அந்தக் கிழமையே நிறுவனத்தில் விருந்து. விலை விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு விற்றவர்களுக்கு நல்ல இலாபமாம். மேசையைச் சுற்றி எட்டுப் பேர். அஞ்சலீனா ஆட்டிறைச்சியைப் பரிமாறிவிட்டுத் திரும்பும்போது ஓர் இளைஞன், “சாம்பியாக்காரர் பாடுதான் பாவம்,” என்றான். பக்கத்திலிருந்தவர் கிளாசை உயர்த்தினார். “அவர்கள் பிள்ளை பெறுவதைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.” மேசை சிரித்தது.

அஞ்சலீனா அவரிடம் போய், கை வைக்காத பிளேற்றை அவருக்கு முன்னாலிருந்து எடுத்தாள். அடுத்தவருடையதையும் எடுத்தாள்.

“நாங்கள் இன்னும் சாப்பிடவில்லையே.”

“இல்லை. சாப்பிடமாட்டீர்கள்.”

ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்கினாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். சுரங்கத்தை, ஆஸ்பத்திரி வாசலை, அந்த ஊசியை. “ஒரு பெண் செத்துப்போனாள். முசோண்டா என்று பெயர்,” என்பது மட்டும்தான் வந்தது.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “யார், சமையலறையில் வேலை செய்பவரா?” என்று இளைஞன் உண்மையான கவலையோடு கேட்டான்.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அவ்வளவு இறைச்சியையும் குப்பைத் தொட்டியில் கொட்டினாள்.

கணேசலிங்கம் மூச்சிரைக்க ஓடி வந்தான். “அக்கா, உங்களுக்கென்ன விசரோ? வாங்கோ, ‘ஐ ஆம் சொறி’ எண்டு ஒரு சொறி சொன்னாக் காணும். மிச்சத்தை நான் பார்க்கிறன்.”

“ஆருக்குச் சொறி?”

“அவைக்குத்தான்.”

“செத்தவளுக்கு ஆர் சொறி சொல்லுறது?”

“அது எங்கயோ ஆபிரிக்காவில அக்கா. ஊரில எங்கட சனமே செத்துக்கொண்டிருக்கு.”

அவளுடைய காது செக்கச்செவேலென்று ஆனது. “எங்கட சனம் செத்த நேரம் அந்த ஆபிரிக்காக்காரிதான் என்ர வேலையைச் செய்தவள். சோறும் அவள்தான் தந்தவள். அவளின்ர தங்கச்சியைத்தான் இவங்கள் பகிடி பண்ணிச் சிரிக்கிறாங்கள். எனக்குச் சொறி சொல்ல ஏலாது, தம்பி.”

“கல்யாணியும் அருமைநாயகியும் இஞ்சதான் வேலை செய்யினம். எங்கட கம்பனிக்கு இந்தச் சாப்பாட்டுக் கொன்ராக் போனா அவையும் வீட்டிலதான்.”

இது அவளைச் சுட்டது. ஏப்ரனை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள். “என்னை நிப்பாட்டிப்போட்டன் எண்டு சொல்லும். அவையளின்ர வேலைக்கு ஒண்டும் வரக்கூடாது.”

கல்யாணிக்கும் அருமைநாயகிக்கும் வேலை தப்பியது. அதன்பிறகு கணேசலிங்கம் கோவிலடியிலோ கடையிலோ அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தான்.

வீட்டில் கிறிஸ்துராஜா எல்லாவற்றையும் கேட்டார். அப்போது அவருக்கும் நிரந்தர வேலை இல்லை.

“எட்டுப் பிளேற்றையும் எடுத்தனீரோ?”

“ஓம்.”

“நல்லது,” என்றார். எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார்.

அடுத்த வருடம், நாற்பத்திரண்டு வயதில், அஞ்சலீனா மருத்துவிச்சிப் படிப்பில் சேர்ந்தாள். ரோசம் பார்த்து வீணாக்கிய வருடங்களை நினைத்துத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள். தொண்ணூற்றேழில் தேறி, தென் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கே ஓர் அலுமாரியில் கையுறைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஓர் ஊசிக்காக ஒருவரும் காசு கேட்கவில்லை. முதல் நாள் அந்த அலுமாரியைத் திறந்தபோது மற்றவர்கள் நினைத்ததுபோல அவள் சந்தோசப்படவில்லை. கதவை அறைந்து சாத்தினாள்.

முதல் லீவில் இரண்டு பெட்டி நிறையக் கையுறைகளோடு கிட்வேக்குப் போனாள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி வரி கேட்டான்.

“உன்னுடைய அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவர்கள் வரி கேட்டார்களா?” என்று தனக்குத் தெரிந்த அந்த ஊர்ப் பெம்பா மொழியில் அவனைத் திட்டினாள். அவன் பெட்டிகளை விட்டுவிட்டான்.

முசோண்டாவின் பிள்ளைகள் நான்கு பேரும் முத்தாலேயின் வீட்டில் வளர்ந்தார்கள். அன்று பிழைத்த கடைசிப் பெண்ணுக்கு நாலு வயது, வாயாடி. அஞ்சலீனா அவளை மடியில் தூக்கி வைத்திருக்கும்போது முத்தாலே கேட்டாள்: “உனக்கு இன்னும் அந்த லண்டன்காரர்மேல் கோபமா?”

“ஓம்,” என்றாள் அஞ்சலீனா தமிழிலேயே. முத்தாலேக்கு அந்தச் சொல் தெரியும்.