பலீல் நானாவின் கேத்தலில் ஒரு மார்க்

பசறைப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வீரய்யாவிடம், மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர் யாரையும் திட்டுவதில்லை. "கயிறு பாட்டுக்கு இருக்கட்டும். இந்த மருந்தையும் குடிங்க. எது கேட்டுச்சின்னு பொறகு பேசிக்குவோம்" என்பார். சொன்னதை அப்படியே நம்பாமல் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இந்தக் குணம் பதினைந்து வயதில் அவரை, விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலிருந்து காப்பாற்றியது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவர். தாய் இராக்கம்மா கொழுந்து பறித்தாள். பையன் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அவன் மண்வெட்டிக்குச் சொந்தம் என்பது துரைமார் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்த சட்டங்களை மீறுவதற்கு வழியுண்டு. இதை மீற வழியில்லை. இராக்கம்மா மீறினாள். பதுளையில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் மகனுக்கு இலவச இடம் கேட்டு வாங்கினாள். எந்தப் பாடத்திலாவது தவறினால் இடம் போய்விடும் என்பது நிபந்தனை. காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பாடத்தில் தவறினாலும் இடம் பத்திரம். ஏழைக்கு மட்டும் எப்போதும் பரீட்சை கடினம்.

அந்த வருடம் வீரய்யா மற்றப் பாடங்களெல்லாம் தேறிவிட்டான். ரசாயனம் மட்டும் மிச்சம். பரீட்சைக்கு முதல்நாள் பெரிய கங்காணி லயத்து வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கிப் பாஸுன்னா படி. இல்லாட்டி திங்கக்கிழம காலையில பெரட்டுல நில்லு. ஒம் பேரைச் சொல்லிக் கூப்புடுவேன்."

ரசாயனம் படிப்பித்த இராசையா மாஸ்டருக்கு நீண்ட விடைகளைத் திருத்துவதில் வெறுப்பு. அதனால் ஒரு புதுமுறை கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு விடைகள். சரியானதன் கீழ் கோடு போட வேண்டும். வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்ததும் பையன்கள் கேள்வித்தாளோடு கடைவீதியில் பலீல் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குள் புகுந்தார்கள். வகுப்பில் முதலாவதாக வரும் ஜௌபர் பென்சிலை எடுத்துக்கொண்டு நீதிபதியானான். அவனுடைய வாப்பாவுக்கு அதே தெருவில் மருந்துக்கடை.

"இந்த நாலுல ரசாயன மாற்றமில்லாதது உப்பு கரையிறது. எல்லாரும் சரிதானே?"

"நான் இரும்பு துருப்பிடிக்கிறதுன்னு போட்டுட்டேன்" என்றான் மர்ஸூக்.

"நீ உங்க வாப்பாட கடையில புடவை கிழிக்கத்தான் சரி."

இப்படியே போய், வீரய்யாவின் முறை வந்தது. ஜௌபர் கூட்டிப் பார்த்தான். பென்சில் நின்றது.

"பாஸுக்கு ஒண்டு குறையுதுடா. கடைசிக் கேள்விதான் மிச்சம். தண்ணி எத்தனை டிகிரி பாரன்ஹீட்டுல கொதிக்கும்? சும்மா தார மார்க். என்னா போட்ட?"

"இருநூத்தி எட்டு."

வாங்குப் பலகை முழுவதும் சிரித்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தவனும், பள்ளிவாசல் உண்டியலில் காசு போட்டுவிட்டு வந்தவனும் ஒரே மனதாக இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கோடு போட்டிருந்தார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

"ஏன்டா, பைத்தியமா உனக்கு?"

"அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல தண்ணி காய்ச்சினோமில்ல, தெர்மாமீட்டரு இருநூத்தி எட்டுலதானே நின்னுச்சி."

"அது பழுதுன்னு சேர் சொன்னாரே. அதை நம்புற மடையன் யாருன்னு பார்க்கத்தான் அந்த நம்பரையும் போட்டிருக்காரு. நீ போய் விழுந்துட்ட."

"பழுதுன்னு சொன்னாரு. பழுதுன்னு காட்டலியே."

பலீல் நானா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "தம்பிமாரே, கேத்தல் இங்க கொதிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. அளந்து பாத்துட்டுச் சண்டை பிடிங்களேன்."

"ஜௌபர், உங்க கடையில காய்ச்சல் பாக்கிற தெர்மாமீட்டரு இருக்குமே" என்றான் மர்ஸூக்.

"அதைக் கேத்தலுக்குள்ள விட்டா வெடிச்சிரும். பொறகு வாப்பா என்னைக் கேத்தலுக்குள்ள விட்டுருவாரு." சொல்லிவிட்டு ஜௌபர் எழுந்தான். "எண்ணெய் காய்ச்சுறதுக்கு நீட்டு ஒண்டு இருக்கு. அவரு தொழப் போயிருக்காரு. இரிங்க."

மேல்துணிக்குள் மறைத்து அதைக் கொண்டுவந்தான். மூடியைத் திறந்து நூலில் கட்டி இறக்கினார்கள். தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் கோப்பையைக் கையிலேந்தியபடி சுற்றி நின்றார்கள். பாதரசம் ஏறியது. வீரய்யா மட்டும் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருநூத்தி அஞ்சு… ஏழு… எட்டு." ஜௌபர் குனிந்தபடியே இருந்தான். "எட்டு."

"இன்னும் நெருப்பு வைங்க நானா."

"விறகுக்கு உங்க வாப்பாவா காசு தாராரு?" என்று கேட்டுக்கொண்டே பலீல் நானா இரண்டு கட்டைகளைத் தள்ளினார். தண்ணீர் துள்ளி அடுப்பில் கொட்டியது. பாதரசம் அசையவில்லை.

"இதுவும் பழுதா?" என்றான் மர்ஸூக்.

"கப்பல்ல வந்த சாமான். பழுதுன்னு நீயே போய் வாப்பாகிட்ட சொல்லு."

அப்போதுதான் இராசையா மாஸ்டர் வழக்கமான தேத்தண்ணிக்கு உள்ளே வந்தார். கூட்டத்தையும் கேத்தலையும் பார்த்து, நடந்ததைக் கேட்டு, தாமே குனிந்து வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். நீர் இருநூற்றுப் பன்னிரண்டில் கொதிக்கும் என்ற வரிக்கு முன்னால் 'கடல்மட்டத்தில்' என்று ஒரு சொல் இருந்தது. பல வருடங்களாக அவரும் அதைத் தாண்டித்தான் படிப்பித்திருக்கிறார். மேலே போகப் போகக் காற்றின் பாரம் குறையும். பாரம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மலைமேல் உட்கார்ந்துகொண்டு கடலோரத்துக் கணக்கை ஒப்பித்துக்கொண்டிருந்தது அந்தப் பள்ளிக்கூடம்.

அவர் பெரிய மனிதர். வாய்விட்டுச் சிரித்தார்.

"தெர்மாமீட்டர் பழுதில்ல. வாத்தியார்தான் பழுது. வீரய்யா, உன் விடை சரி."

"சேர், அப்ப எங்க மார்க்?" ஜௌபர் பதறினான்.

"பதுளையில கடல் எங்கப்பா இருக்கு?"

"நானே தெர்மாமீட்டரைக் கொண்டாந்து நானே மார்க்கைத் தொலைச்சிட்டேன். இவனுக்காக அடியும் வாங்கப்போறேன்."

"நான் வந்து சொல்றேன் ஒங்க வாப்பாகிட்ட" என்றான் வீரய்யா.

"நீ வந்தா ரெண்டு பேருக்கும் விழும். பேசாமக் குடி."

மாஸ்டர் அங்கேயே ஒரு தாளில் 'தேறினான்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். மாலையில் பெரிய கங்காணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வீரய்யாதான் நடந்ததைச் சொன்னான். "ஒரு மார்க்குலயா தப்பிச்ச?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க. ஒண்ணு போதுமுங்க" என்றாள் இராக்கம்மா.

திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் தப்பு முழங்கியது. லயம் எழுந்து ஓடியது. வீரய்யா கம்பளியை இழுத்துத் தலையை மூடினான். கங்காணி களத்தில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. தன் பேர் வருகிறதா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான். வரவில்லை. அதற்குப் பிறகுதான் தூங்கினான். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போய் இராசையா மாஸ்டரிடம் பிரம்படி வாங்கினான்.