காசிநாதனின் முதுகுக்கால்

காசிநாதன் வடகவுஞ்சி மலையில் கேரட் மூட்டை ஏற்றுகிற ஆள். ஒருநாள், டயருக்குக் கல் போட மறந்த பிக்கப் வண்டி பின்னால் உருண்டு வந்து, அவனைத் தடுப்புச் சுவரோடு வைத்து நசுக்கியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு கொஞ்சம், சதை ஏராளம், ரோட்டோடு போய்விட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். மலைச்சரிவில் மூட்டை தூக்குகிறவன், மாட்டேன் என்றான்.

அதனால் முதுகிலிருந்து சதையை வெட்டிக் காலில் ஒட்டினார்கள். எலும்பு வளரச் சுற்றிலும் இரும்பு வளையம் மாட்டினார்கள். ஒட்டின சதை பிழைத்தால் கால் உண்டு, செத்தால் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டு ஆனந்த் வந்து வளையத்தைத் தட்டிப் பார்த்தான்.

"ஏலே காசி, இனி உன்னைய முதுகுல குத்தணும்னா கால்லதான் குத்தணும் போலருக்கே."

காசிநாதன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

அவன் பெண்டாட்டி ஜோதிமணி சிரிக்கவில்லை. வார்டில் காலுக்குப் போர்வை போர்த்திக்கொண்டே நர்ஸம்மா சொன்னது அவளுக்கு மனப்பாடம்: குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும், சதை செத்துப்போகும். மதுரை வெயிலுக்கே போர்வை என்றால் வடகவுஞ்சிக்கு என்ன வேண்டும்? ஒட்டின இடத்தில் உணர்ச்சி இருக்காது என்றும் நர்ஸம்மா சொன்னதுதான். அப்பாடா, வலிக்காது என்று இருவரும் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள்.

சாரல் விடாத ஒரு மத்தியானம். ஜோதிமணி நெருப்புச் சட்டியைக் கட்டிலுக்கு நெருக்கித் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். காசிநாதன் மாத்திரை மயக்கத்தில் கிடந்தான். கால் மெல்லச் சட்டிப் பக்கம் சரிந்தது.

வாசலில் வந்து நின்ற ஆனந்த் மூக்கை உறிஞ்சினான். "யாரு வீட்டுலலே கறி?"

"நமக்கேதுலே கறி," என்றான் காசிநாதன், கண்ணைத் திறக்காமலே.

மதுரையில் டாக்டர், நெருப்பைக் கிட்டத்தில் வைத்தது யார் என்று கேட்டார். ஜோதிமணி வாயைத் திறந்தாள். அதற்குள் காசிநாதன் முந்திக்கொண்டான்.

"நாந்தான் சார் இழுத்து வச்சேன். குளுருச்சு."

படிக்காத முட்டாள் என்று டாக்டர் அவனைத் திட்டித் தீர்த்தார். அப்புறம் காலை எடுத்தார்கள்.

வீடு திரும்பியபோதும் சாரல்தான். சட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. ஆனந்த் கட்டிலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நெருப்பு சுட்டபோது தெரியாத கால், இல்லாமல் போன பிறகு காசிநாதனைப் படுத்த ஆரம்பித்தது.

"ஏ ஜோதி, எடது பாதம் சில்லுங்குது."

எந்தப் பாதம் என்று கேட்க ஆனந்துக்கு அருமையான இடம். அவன் கேட்கவில்லை.

ஜோதிமணி எழுந்து வந்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த பக்கத்தை இழுத்து, ஓரத்தைப் பாய்க்கடியில் இறுக்கிச் செருகினாள்.

"இப்பங்க?"

"இப்பப் பரவால்ல."